பாப்பாத்தியின் இருமல்

சாவி கேட்டு வந்த அன்றைக்கே எனக்கு அந்த ஆளைப் பிடிக்கவில்லை. பேர் செந்தில், திருவெறும்பூர்க்காரர். எங்கள் காலேஜ் டேப் ரூமில் இருக்கிற நாட்டுப்பாட்டு டேப்பையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை அவருக்கு. ஏற்றி முடித்ததும் டேப் எல்லாம் பழைய சாமான் கடைக்குப் போகும் என்று மேடம் சொல்லிவிட்டார். அவர்தான் எங்கள் துறைத் தலைவர். ரூம் வேண்டுமாம்.

நான் அந்த ரூமுக்கு அட்டெண்டர். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்து முப்பது வருஷம் பார்த்துக்கொண்டேன். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் எந்த டேப்பைக் கொடுத்தாலும் மெஷினில் மாட்டி யாருடையது என்று சொல்லிவிடுவேன். பதிவு செய்த ஐயா வைத்த வழக்கம் அப்படி. பாடுகிறவரே முதலில் தன் பேரையும் ஊரையும் சொல்ல வேண்டும். டப்பா மேல் ஒட்டிய சீட்டைப் பூச்சி தின்றுவிடும் என்பார். தின்றும்விட்டது.

நல்ல டேப்பாகப் பார்த்து செந்தில் வெளியே விற்றுவிடுவார் என்று எனக்குச் சந்தேகம். தினமும் டப்பாவை எண்ணினேன். அவர் கிளம்பும்போது பையை எட்டிப் பார்த்தேன். ஒன்றும் குறையவில்லை. அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

கடைசி நாள் டேப்பை அள்ளிப் போக வாசலில் டெம்போ வந்து நின்றது. மேடமும் வந்திருந்தார். ஒரு பாட்டாவது போட்டுக் காட்டினால்தான் சாவி தருவேன் என்றேன். "சட்டைப் பையையும் பாத்துடுங்க சரோஜாம்மா" என்று சிரித்துவிட்டு, செந்தில் ஒரு நடவுப் பாட்டைப் போட்டார். இரைச்சலே இல்லை. மேடம் தலையை ஆட்டினார்.

"யாரு பாடுறாங்க?" என்றேன்.

ஸ்க்ரீனைப் பார்த்தார். "நாப்பத்தேழாம் நம்பரும்மா."

"நம்பரா பாடுது?"

அதே டேப்பை மெஷினில் மாட்டினேன். இரைச்சல். ஒரு இருமல். "சொல்லலாங்களா? எம் பேரு பாப்பாத்தி. ஊரு தொட்டியம் பக்கம்." அப்புறம்தான் பாட்டு.

செந்தில் முகம் செத்துவிட்டது. "பேச்சுதானேன்னு வெட்டிட்டேங்க. எல்லாத்துலயும்."

மேடம் டெம்போவைத் திருப்பி அனுப்பினார். எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றச் சொன்னார். செந்தில் கோபித்துக்கொள்ளாமல் செய்தார். நான் டேப் மாட்டிக் கொடுத்தேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். நான் திருட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். அந்த மனுஷர் சுத்தம்தான் செய்தார், அதில்தான் பேர் போனது. ரொம்பச் சுத்தமாகக் கேட்டால் சந்தேகப்படுங்கள். பழசையும் புதுசையும் பக்கத்தில் வைத்துக் கேட்காமல் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

ரிட்டயர் ஆன அன்று எனக்கு மாலை போட்டார்கள். சாவியைக் கேட்டார்கள். கம்ப்யூட்டரில் பாப்பாத்தியைப் போடுங்கள் என்றேன். இருமல் கேட்டது. அப்புறம்தான் கொடுத்தேன்.