ஹெட்போனில் மட்டும் கேட்டது

ஜெபக்கூடத்தில் எல்லோரும் அவரைச் ‘சவுண்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல இருக்கிற மனிதருக்கு அப்படியொரு பட்டப்பெயர். வாரநாட்களில் பழுதான ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் சரிசெய்கிற சின்னக் கடை. ஞாயிறு காலையில் கூடத்தின் கடைசி வரிசைக்குப் பின்னால், மைக் சத்தத்தை ஏற்றி இறக்கும் மிக்ஸருக்கு முன், காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பார். இருமல் வரப்போவது போதகருக்குத் தெரியும் முன்பே இவர் விரல் மிக்ஸரின் குமிழைக் கீழே இறக்கிவிடும்.

மகனுக்கு இருபத்திரண்டு வயதானபோது, அச்சகத்தில் தன்னோடு வேலை பார்க்கும் ஒருவனை நேசிப்பதாக வீட்டில் சொன்னான். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அம்மா அழுதாள். இவர் எழுந்துபோய்க் கைகழுவினார். அவ்வளவுதான்.

மறுநாள் அம்மா போதகரிடம் ஓடினாள்.

“கூட்டிட்டு வாங்கம்மா. எல்லாரும் சேர்ந்து ஜெபிச்சா விடுதலை கிடைக்கும்” என்றார் அவர்.

அம்மாவின் கண்ணீருக்காகத்தான் மகன் சம்மதித்தான். அந்த ஞாயிறு அவனை முன்னால் மண்டியிட வைத்து, எட்டுப் பேர் தலையிலும் தோளிலும் கைவைத்து அழுத்தினார்கள். போதகரின் சட்டையில் குத்தியிருந்த மைக், அவன் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. ஒரு மணி நேரம் போயிற்று. அப்போது கூச்சலுக்கு நடுவே, ஹெட்போனில் மட்டும் தெளிவாக விழுந்தது.

“அப்பா, போதும்ப்பா.”

போதகருக்கு முதல் வார்த்தை மட்டும் கேட்டது. “அப்பான்னு கூப்பிடுறான்! பரலோகத் தகப்பனைக் கூப்பிடுறான்!” என்று முழங்கியவர், பின்னால் பார்த்துக் கையை உயர்த்தினார். சத்தத்தை ஏற்று என்று அர்த்தம்.

கூப்பிட்டது யாரை என்று சவுண்டுக்குத் தெரியும். ஆனாலும் விரல் குமிழை மேலே தள்ளியது.

அந்த வாரமே மகன் வீட்டை விட்டுப் போனான்.

அதற்குப் பிறகு அந்தக் குரல் அவரை விடவில்லை. கடையில் இரண்டு அலைவரிசைகளுக்கு நடுவே வரும் இரைச்சலில் வரும். வாளியில் தண்ணீர் விழும் சத்தத்தில் வரும். வாடிக்கையாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று திரும்பி, “என்னப்பா?” என்பார். அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். காது மருத்துவர் சோதித்துப் பார்த்துவிட்டு, “உங்க வயசுக்கு இவ்வளவு கூர்மையான காதை நான் பார்த்ததே இல்ல” என்று சிரித்தார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏழு வருடம் இப்படிப் போனது. ஒரு ஞாயிறு, ஒரு விதவைத் தாய் தன் மகளைக் கூட்டிவந்தாள். அவளுக்கும் அதே ‘நோய்’, அதே மருந்து. அந்தப் பெண் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஹெட்போனில் அவள் மூச்சை அடக்கி அடக்கி விடுவது மட்டும் கேட்டது.

சவுண்டு எல்லாக் குமிழையும் கீழே இறக்கினார். கூடம் திகைத்து அமைதியானது. எழுந்து, வரிசைகளுக்கு நடுவே முன்னால் நடந்தார்.

“சவுண்டு, போய் உட்காருங்க. ஆவியானவர் கிரியை செய்யறப்ப தடுக்காதீங்க” என்றார் போதகர்.

“அன்னைக்கு என் பையன் அப்பான்னு கூப்பிட்டது கடவுளை இல்லைங்க. என்னை. போதும்னு சொன்னான். நான் சத்தத்தை ஏத்தினேன்.” பிறகு அந்தப் பெண்ணிடம், “நீ எந்திரிம்மா” என்றார்.

“எம்பொண்ணு நல்லாகறதக் கெடுக்காதீங்கய்யா” என்று தாய் அவர் சட்டையைப் பிடித்தாள். அந்தப் பெண் எழுந்து, பக்கவாசல் வழியாக வெளியே போய்விட்டாள். அன்றே அவரிடமிருந்து கூடத்துச் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் மனைவி கேட்டாள்: “நிஜமாவே அப்படிச் சொன்னானா?”

“ஆமா.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

கொஞ்ச தூரம் நடந்தபின் அவளே சொன்னாள்: “நான் மாசம் ஒருதரம் அவன்கிட்ட போன்ல பேசறேன். உங்களைப் பத்தி ஒரு வார்த்தை கேக்க மாட்டான்.”

அடுத்த வாரம் இருவரும் பஸ் ஏறி மகன் வீட்டுக்குப் போனார்கள். மூன்றாவது மாடி. கதவைத் திறந்தது அந்த அச்சகக்காரன். “வாங்கம்மா” என்றவன், இவரைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கி, “வாங்க சார்” என்றான். மகன் உள்ளேயிருந்து வந்து சுவரோரம் நின்றான். சவுண்டு உட்காரக்கூட இல்லை. அன்று நடந்ததை அப்படியே சொன்னார்.

“அப்போ உங்களுக்குக் கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

மகனின் முகம் வெளுத்தது. “அந்தக் கூச்சல்ல உங்களுக்குக் கேட்டிருக்காதுன்னு நெனச்சுக்கிட்டுதான் இத்தனை வருஷம் உங்களை வெறுக்காம இருந்தேன்.”

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அச்சகக்காரன் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். “இன்னைக்குப் பேச மாட்டான். அடுத்த மாசமும் வாங்க” என்றான் மெதுவாக.

போனார்கள். அதற்கடுத்த மாதமும் போனார்கள். மகன் அம்மாவோடு பேசினான். அவர் இருக்கும் பக்கம் திரும்பவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டால் அந்தக் குரல் அடங்கும் என்று நினைத்திருந்தார். அது அடங்கவில்லை.

ஐந்தாவது மாதம் நல்ல மழை. கதவைத் திறந்தது மகன். சவுண்டு வழக்கம்போலச் செருப்பைக் கதவுக்கு வெளியே வராந்தாவில் கழற்றினார்.

“அங்க விடாதீங்க, சாரல் அடிக்குது. உள்ள கொண்டாங்க” என்றான் அவர் முகத்தைப் பார்க்காமல்.

அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.