டொலர் வந்து சேர வேண்டிய விலாசம்

“டவுன்ல சொந்தக்காரங்க யாராவது இல்லையா சேர்? ஒரு கடை விலாசம் இருந்தாக்கூடப் போதும். தோட்டத்து ஆளுங்க எல்லாரும் அப்படித்தான் குடுக்கிறாங்க.”

பதுளையில் ஒரு வங்கியின் வெளிநாட்டு நாணயப் பிரிவில் இருந்த இளம் பெண் அதிகாரி இதைச் சொன்னபோது, அவர் குரலில் இளக்காரம் இருக்கவில்லை. என் வேலையைச் சுலபமாக்கவே முயன்றார். அவர் சொன்னது உண்மையும்கூட. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயங்களில் தெருப் பெயர் இல்லை. வீட்டுக்கென்று தனி இலக்கம் இல்லை. தபால் மொத்தமாகத் தோட்ட அலுவலகத்துக்கு வரும். அங்கிருந்து யாராவது ஒருவர் கையில், என்றாவது ஒரு நாள், நம்மிடம் வரும். ஆகவே முக்கியமான கடிதம் எதுவானாலும் பசறையிலோ பண்டாரவளையிலோ தெரிந்தவரின் கடை விலாசத்தைக் கொடுப்பது எங்களிடையே ஊறிப்போன வழக்கம். அதை யாரும் ஒரு குறையாகக் கருதுவதில்லை.

“என் மனைவி அப்படித்தான் குடுத்தாங்க. நான் குடுக்கிறதா இல்ல” என்றேன்.

நானும் என் மனைவியும் ஆசிரியர்கள். ஓய்வுபெற்றபின் மடுல்சீமைப் பக்கத்தில் அவளுடைய பெற்றோர் வாழ்ந்த லயத்துக்கே திரும்பினோம். பின்புறம் இரண்டு அறைகளைச் சேர்த்துக் கட்டினோம். சுவர் எங்களுடையது, அது நிற்கும் நிலம் எங்களுடையதல்ல. அந்தப் பின்னறையின் சன்னலருகே மட்டும் தொலைபேசிக்கு அலை ஒழுங்காகக் கிடைக்கும். அங்கே அமர்ந்து அவள் கனடாவிலும் நோர்வேயிலும் வளரும் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்தாள். பெற்றோர் மாதக் கட்டணத்தை டொலரில் அனுப்பினார்கள். பண்டாரவளையில் மின்சாதனக் கடை வைத்திருக்கும் தன் தம்பியின் விலாசத்தைக் கொடுத்து, அவள் அதற்கெனக் கணக்கொன்றைத் திறந்திருந்தாள்.

அவள் நோய்வாய்ப்பட்ட மார்கழியில் அவளுடைய வங்கி அட்டை காலாவதியானது. புதிய அட்டையை வங்கி உரிய நேரத்தில் அனுப்பியிருந்தது, கடை விலாசத்துக்கு. மைத்துனன் குடும்பத்தோடு சபரிமலைக்குப் போயிருந்தான். அட்டை கதவிடுக்கின் வழியே உள்ளே விழுந்து, பூட்டிய கடைக்குள் கிடந்தது.

மருத்துவர் ஸ்கேன் ஒன்று எடுக்கச் சொன்னார். தனியார் நிலையத்தில்தான் எடுக்க முடியும். அதற்குரிய கட்டணத்தைத் தன் பணத்தில் தானே கட்ட வேண்டும் என்று அவள் விரும்பினாள். என் ஓய்வூதியத்தில் கட்டினேன்.

“உங்க காசு வேணாம்னு சொல்லல. என் காசு இருக்குன்னுதான் சொல்றேன்” என்றாள். பிறகு சிரித்தாள். “சம்பாதிச்சவ இங்க கட்டில்ல. கார்ட்டு அங்க கடைக்குள்ள. இனி ஐயப்பனே வந்து திறந்து குடுத்தாத்தான் உண்டு.”

கடை திறக்குமுன் அவள் போய்விட்டாள். அட்டை கையில் இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்று நான் சொல்ல வரவில்லை. நோயின் போக்கு வேறு. அவள் கேட்டது சிறிய விடயம்; அது அவளுக்குக் கிடைக்கவில்லை. அவ்வளவுதான் சொல்கிறேன்.

வகுப்பைத் தொடரும்படி பிள்ளைகளின் பெற்றோர் கேட்டார்கள். சன்னலருகே நான் அமர்ந்தேன். ஆனால் அவளுடைய கணக்கு முடக்கப்பட்டுவிட்டதால் அனுப்பிய கட்டணங்கள் திரும்பிப் போயின. பதுளைக் கடைவீதியில் புடைவைக் கடை நடத்தும் என் நெடுநாள் நண்பர் உண்டியல் வழியைச் சொன்னார்.

“சேர், அங்க ஒருத்தர்கிட்ட அவங்க குடுப்பாங்க, இங்க ஒருத்தர் உங்களுக்குத் தருவார். பேங்க்ல குடுக்கிறத விடக் கூடவும் வரும். விலாசமே வேணாம்!”

“விலாசம் வேணாம்கிறதுதான் எனக்குப் பிரச்சினை.”

“யா அல்லாஹ்! நீங்க வாத்தியார் வேலைய விட்டாலும் அது உங்கள விடாது” என்று தலையில் கைவைத்துக்கொண்டு, இரண்டு பிளேன்டீ கொண்டுவரச் சொன்னார்.

வங்கி கேட்டது வசிப்பிடச் சான்று. என் அடையாள அட்டையில் தோட்டத்தின் பெயர் மட்டுமே இருந்தது. ஓய்வூதியக் கணக்கிலோ என்றோ காலிசெய்த ஆசிரியர் விடுதியின் விலாசம். தோட்ட அலுவலகத்தில் கேட்டால் நிர்வாகியான துரையின் ஒப்பத்துடன் உடனே ஒரு கடிதம் தருவார்கள். அதன் வாசகம் எனக்குத் தெரியும்: இன்னார் இத்தோட்டத்தில் தங்குவதற்கு அனுமதிக்கப்பட்டவர். என் மனைவி பிறந்ததும் இறந்ததும் அந்த வீட்டில். அதில் நான் இருப்பதற்கு இன்னொருவரின் அனுமதியைச் சான்றாகக் காட்ட எனக்கு மனம் இல்லை.

கிராம சேவகரிடம் போனேன். அவரும் தோட்டக் கடிதத்தைத்தான் முதலில் கேட்டார்.

“வாக்காளர் இடாப்பில் என் பெயர் எங்கே இருக்கிறது?” என்று சிங்களத்தில் கேட்டேன்.

அவர் இடாப்பைப் புரட்டிப் பார்த்து, லய இலக்கத்தையும் என் பெயரையும் வாசித்தார்.

“வாக்குக் கேட்டு வருகிறவர்களுக்கு என் வீடு தெரிகிறது. அந்த இடாப்பை வைத்தே எழுதிக் கொடுங்கள்.”

அவர் பேனாவை எடுத்து எழுதினார். பிரதேச செயலகத்தில் மேலொப்பம் பெற்று, அதை வங்கியில் வைத்தேன்.

அதிகாரி விசைப்பலகையில் கைவைத்தபடி நிமிர்ந்தார். “தெரு பேர் கேக்குது சேர். என்ன போட?”

“பத்தாம் நம்பர் லயம்.”

“லயம்னா போடுறது?”

“லயம்னுதான் போடணும். அதுதான் அதோட பேர்.”

தட்டினார். அடுத்த கட்டத்துக்குப் போனார். “பணம் வர்ற காரணம்? பிள்ளைங்க அனுப்புற உதவின்னு போட்டுடுறேன்.”

“எங்களுக்குப் பிள்ளைங்க இல்ல. படிச்சுக் குடுக்கிறதுக்கு வர்ற கட்டணம். அப்படியே போடுங்க.”

அவர் சற்றுச் சங்கடப்பட்டார். திருத்தினார். வங்கி ஒரு பதிவுத் தபாலை அந்த விலாசத்துக்கு அனுப்பும் என்றும், அது திரும்பி வந்தால் கணக்கு நிற்காது என்றும் சொன்னார். “யோசிச்சுக்குங்க சேர். கடை விலாசம்னா இந்தத் தொல்லையே இல்ல.”

அன்று முதல் காலைதோறும் தோட்ட அலுவலகத்து வாங்கில் போய் அமர்ந்தேன். கிளாக்கருக்கு அது பிடிக்கவில்லை.

“வந்தா நானே ஆள் விட்டு அனுப்ப மாட்டேனா ஐயா? எதுக்கு இந்தப் பிடிவாதம்?”

“அனுப்புவீங்க. எப்ப அனுப்புவீங்கன்னுதான் தெரியல.”

பெரட்டுக்களத்தில் அன்றைய வேலைக்குப் பேர்கொடுத்துவிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் பெண்களுக்கு நான் நல்ல பொழுதுபோக்கு ஆனேன்.

“சேருக்கு டொலர் வருதாம்டி! இனி தொரையே வந்து கும்பிடுவாரு.”

“டொலரு வந்தா மொதல்ல எங்க லயத்துக் கூரைய மாத்துங்க சேர். மழைக்குச் சட்டி வச்சு வச்சுச் சட்டியே மிச்சமில்ல!”

“உனக்கு எதுக்குடி கூரை? சேரு டொலர ஒட்டியே அடைச்சுருவாரு.”

நானும் சிரித்தேன். அவள் போனபின் வீட்டுக்கு வெளியே நான் சிரித்தது அதுவே முதல் முறை.

பதிவுத் தபால் வந்தது. கிளாக்கர் பெயரை வாசித்தார், லய இலக்கத்தை வாசித்தார், என் ஒப்பத்தை வாங்கிக்கொண்டு உறையை நீட்டினார். “போதுமா ஐயா?” என்றார். போதும் என்று நான் சொல்லவில்லை.

ஒஸ்லோவிலிருந்து அனுப்பப்பட்ட முதல் கட்டணத்தை, விலாசத்தைச் சந்தேகித்த அங்குள்ள வங்கியே திருப்பிவிட்டது. அனுப்பிய தாய் யாழ்ப்பாணத்தவர். தொலைபேசியில் அவருக்குத்தான் என்னைவிடக் கோபம். “சேர், நீங்கள் ஒண்டையும் மாத்தாதேங்கோ. அவையள் திருப்பத் திருப்ப நான் அனுப்பிக்கொண்டே இருக்கிறன்.” அடுத்த தடவை, லயம் என்றால் என்ன என்று அவர்களுக்கு ஒரு விளக்கம் எழுதி இணைத்தாராம். பணம் வந்து சேர்ந்தது.

செய்தி கேட்டு மைத்துனன் வந்தான். என் மீது அவனுக்கு மனத்தாங்கல். அதில் நியாயமும் இருந்தது. அவன் வேண்டுமென்று எதையும் செய்தவனல்ல.

“மச்சான், ஊரெல்லாம் பேசுறாங்க. அக்காவுக்கு எங்கட கடை விலாசம் போதுமாத்தானே இருந்துச்சு?”

“போதல” என்றேன்.

அவன் தலைகுனிந்தான். தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்.

அவளுடைய கணக்கில் இன்னும் டொலர் இருக்கிறது. தனக்குப்பின் பணத்தைப் பெறும் பின்னுரித்தாளராக என் பெயரை அவள் எழுதியிருந்தாள். ஒப்பமிட்டால் என் கணக்குக்கு மாற்றிவிடலாம் என்று அந்த அதிகாரி ஆவணத்தை எடுத்து வைத்தார். மேலே அவள் பெயர். கீழே பண்டாரவளைக் கடையின் விலாசம்.

“இத முதல்ல திருத்துங்க. அவங்க அங்க இருந்ததில்ல.”

“சேர்…” அவர் குரலைத் தாழ்த்தினார். “இறந்தவங்க விலாசத்த மாத்த சிஸ்டம் விடாது. மாத்தி இனி என்ன ஆகப் போகுது?”

“ஒண்ணும் ஆகப் போறதில்ல. மாத்துங்க.”

“தலைமை அலுவலகத்துக்கு எழுதணும். மாசக்கணக்காகும். அதுவரைக்கும் இந்தக் காசு உங்களுக்கு வராது.”

“எனக்கு ஓய்வூதியம் இருக்கு. எழுதுங்க.”

எழுதினார். தலைமை அலுவலகம் மறுத்தது. நான் மறுபடி எழுதினேன். என் கடிதத்தை இம்முறை அவரே திருத்தி, இன்னும் கடுமையாக்கிக் கொடுத்தார். அதற்கும் மறுப்பு வந்தது. மூன்றாவது கடிதம் இப்போது என் மேசையில் இருக்கிறது. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் அதைக் கொண்டுபோகிறேன். அந்தப் பணத்தை விட்டுக்கொடுக்க எனக்கு விருப்பமில்லை. அது அவள் உழைத்தது. ஆனால் அவள் ஒரு நாளும் குடியிருக்காத விலாசத்தின் கீழ் என் ஒப்பம் விழாது.