பெரியவன் படித்த பலகை

எங்கள் வீட்டில் சோறு போடுமுன் பையன்கள் இருவரும் ஆளுக்கொரு புது வார்த்தையைப் படித்துக் காட்ட வேண்டும். என் வீட்டுக்காரர் நாள்முழுக்க நின்று வேலை செய்யும் தோல் கம்பெனிச் சுண்ணாம்புத் தொட்டியில் இவர்களும் இறங்கிவிடக் கூடாதென்று நான் கொண்டுவந்த வழக்கம்.

பெரியவன் எழுத்தைக் கண்டாலே ஓடுவான்.

இன்று என்னோடு ஆம்பூர் கடைத்தெருவுக்கு வந்தவன் ஒரு பலகையின் முன் நின்றான். எழுத்துக் கூட்டி, முதல்முறையாகத் தானே முழுசாகப் படித்தான்.

"தோல் கம்பெனிக்குப் பையன்கள் தேவை. தினக்கூலி எட்டணா."

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இன்னாம்மா அழுவுற? கரெக்டாத்தானே படிச்சேன்! அப்பாகூட நானும் போய்டட்டா?"

கரெக்டாகத்தான் படித்தான்.

பலகையே இல்லாத தெரு ஆம்பூரில் எங்கே இருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நாளைக்கு அவனை அந்த வழியாகக் கூட்டிப்போகிறேன்.