பையில் இருந்த வேட்டி

கீரப்பாளையம் கொளஞ்சியப்பன் பால் வாங்கப் போனாலும் தேய்த்த சட்டையும் வெள்ளை வேட்டியும்தான். சிதம்பரம் பக்கம் அதுதான் மரியாதை என்பார். பஸ்ஸில் அழுக்குப் பட்டால் மாற்றிக்கொள்ள, பையில் இன்னொரு வேட்டி எப்போதும் இருக்கும்.

தகப்பன் இல்லாததால், தம்பி செந்தமிழ்செல்வனுக்காக அவரே கடலூர் செம்மண்டலத்துக்குத் தட்டு மாற்றப் போனார். பெண்ணின் அப்பா அரைக்கால் டவுசரோடு வந்து உட்கார்ந்தார். பூவும் பழமும் வைத்த தட்டை அவருடைய மயிரடர்ந்த முழங்கால் உரசியது. கொளஞ்சியப்பன் அந்த முழங்காலையே முறைத்தார்.

“வீட்டுக்குள்ளதானே சம்மந்தி. இங்க நாங்க இப்படித்தான்.”

இந்தச் சம்பந்தமே வேண்டாமென்று கொளஞ்சியப்பன் எழப்போனபோது, கடலூரில் வேலை பார்க்கும் தம்பி வந்து சேர்ந்தான். அவனும் டவுசரில்தான்.

“என்னடா கோலம் இது?”

“இந்த வெயில்ல யாருண்ணா வேட்டி கட்டுறாங்க?”

மாமனாரும் மருமகனும் நல்ல பொருத்தம். இனி எந்த வாயால் குறை சொல்வது? பையிலிருந்த வேட்டியைத் தம்பி மடியில் எறிந்தார்.

“உங்களுக்கு இன்னொண்ணு இல்ல சம்மந்தி. உள்ள இருந்தா கட்டிக்கிட்டு வாங்க. அதுவரைக்கும் தட்டு இருக்கட்டும்.”

சம்மந்தி டவுசரின் மேலேயே வேட்டியைச் சுற்றிக்கொண்டு வந்தார். முன்னால் டவுசர் பை துருத்திக்கொண்டிருந்தது. கொளஞ்சியப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு தட்டை வாங்கினார்.