நானூறு ரூபாய்ப் பரங்கிக்காய்

எனக்குக் காலாட்டும் பழக்கம் உண்டு. உட்கார்ந்தால் போதும், வலது கால் தன்பாட்டுக்கு ஆடத் தொடங்கிவிடும். "காலாட்டாதடி, இருக்கிறதும் போயிடும்" என்று அம்மா தொடையில் தட்டுவாள். போவதற்கு இந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்பேன். கல்லூரியில் சேர்ந்த முதல் வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. சிட்லபாக்கம் ஏரிப் பக்கத்தில் ஒரு வீட்டின் பின்பகுதியில் வாடகைக்கு இருந்தோம். அப்பா, அம்மா, நான், மூன்றே பேர். அப்பா ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். நான் பிளஸ் டூ முடித்த வருஷம் பார்த்துக் கம்பெனிக்கு ஆர்டர் குறைந்தது. மாதத்தில் பாதி நாள் வேலை, பாதிச் சம்பளம் என்று சொல்லிவிட்டார்கள். அதே வருஷம் பார்த்து எனக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆசை வந்தது. கல்லூரிகளில் அப்போதுதான் வந்திருந்த படிப்பு. அரசு மானியம் கிடையாது என்பதால் ஃபீஸ் தலையைச் சுற்றும். முதல் பருவக் கட்டணத்துக்கு அம்மாவின் செயின் போனது. இரண்டாம் பருவத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு. நவம்பர் கடைசிக்குள் கட்டாவிட்டால் ஹால் டிக்கெட் இல்லை. கட்டாதவர்களின் பெயரை ஆபீஸ் வாசலில் ஒட்டியிருந்தார்கள். தினமும் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போவேன். போன பிறகு பெயர் இன்னும் இருக்கிறதா என்று பார்க்கத் திரும்பி வருவேன்.

கடன் கேட்கலாம் என்று தாம்பரத்தில் ஒரு வங்கிக்குப் போனோம். மேனேஜர் நல்ல மனுஷர், உட்காரச் சொன்னார். "படிப்புக்கா? அடமானமா வைக்க வீடு, நிலம் ஏதாவது இருக்காம்மா?" என்றார். "இருந்தா நான் ஏன் சார் இங்க வரேன்?" என்றேன். அப்பா என் முழங்கையைப் பிடித்து எழுப்பி வெளியே கூட்டி வந்துவிட்டார். வாசலுக்கு வந்து, "உன் வாய்தான் உனக்கு எமன்" என்றார். அந்த வாய் யாரிடமிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து ஊருக்கே தெரிந்தது.

அரசாங்கத்தில் ஒரு கடன் உதவித்தொகை இருந்தது. படித்து முடித்து வேலைக்குப் போனபின் தவணையாகத் திருப்பிக் கட்ட வேண்டும். அதற்கும் மனுப் போட்டேன். வருமானச் சான்றிதழுக்காக மூன்று தடவை அலைந்து, கல்லூரி ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்தபோது அங்கிருந்த கிளார்க் அண்ணா அதை ஃபைலில் வைத்துவிட்டு, "வரும்மா, கண்டிப்பா வரும். என் தம்பிக்கு வந்துது. அவன் வேலைக்குப் போய், கல்யாணம் பண்ணி, கொழந்தையும் பொறந்தப்புறம் வந்துது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மிச்சம் இருந்தது எங்கள் சபையின் கல்வி நிதி. நாங்கள் கிறிஸ்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் ஆலயத்துக்குப் போவோம். சபையில் படிக்கிற பிள்ளைகளில் வசதி இல்லாத இரண்டு பேருக்கு வருஷத்துக்கு ஒருமுறை ஆயிரத்து ஐந்நூறு தருவார்கள். என் கட்டணமும் அதே தொகை. ஆண்டவரே அளந்து போட்டமாதிரி என்று அம்மா சொன்னாள். மனுப் போட அப்பாவுக்கு இஷ்டமில்லை. ஒரு வாரம் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு கையெழுத்துப் போட்டார். "வெளிய தெரியாதில்ல?" என்று மட்டும் கமிட்டி செயலாளரிடம் கேட்டார். செயலாளர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், பெரிய குரல்காரர். "சார், கமிட்டி ரூமைத் தாண்டாது" என்றார்.

கமிட்டி கூடுவதற்கு முந்தின ஞாயிறு அறுப்பின் பண்டிகை. அவரவர் வீட்டில் விளைந்ததைக் கொண்டுவந்து ஆலயத்தில் படைப்போம். வாழைத்தார், தேங்காய், முருங்கைக் கட்டு, கால் கட்டிய சேவல் என்று பீடத்தின் முன்னால் ஒரு சந்தையே இருக்கும். ஆராதனை முடிந்ததும் பந்தலில் ஏலம். அந்த ஏலத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. பொருளின் விலைக்கு யாரும் கேட்பதில்லை. பத்து ரூபாய்த் தேங்காயை நூறு ரூபாய்க்கு எடுப்பார்கள். அதிகப்படி எல்லாம் காணிக்கை. கையில் பணம் வேண்டாம், கிறிஸ்துமஸுக்குள் கட்டினால் போதும். எடுத்தவர் பேரும் தொகையும் பின்னால் ஒரு ஞாயிறு ஆராதனையில் வாசிக்கப்படும். கடைசியில் சொன்னதுதான் ரொம்பப் பேரின் கையைத் தூக்க வைப்பது.

எங்கள் வீட்டுச் சுவரில் அம்மா ஒரு பரங்கிக் கொடி விட்டிருந்தாள். அந்த வருஷம் அதில் காய்த்ததிலேயே பெரிய காயைத் துடைத்து எடுத்து வந்திருந்தாள். அது ஏலத்துக்கு வந்தபோது செயலாளர்தான் மைக்கில் இருந்தார். காயை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டி, அப்பாவின் பேரைச் சொல்லி, "சார் வீட்டுக் காய். இந்த வருஷ ஏலப் பணம் அத்தனையும் கல்வி நிதிக்குத்தான் போகுது. சார் பொண்ணும் அதுக்கு மனு போட்டிருக்கு. பிள்ளை படிப்பை நெனச்சு, கொஞ்சம் தாராளமாக் கேளுங்க" என்றார்.

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். இதை இன்றுவரை நான் மறுக்கவில்லை. ஆனால் பந்தலில் இருந்த தலைகள் எல்லாம் எங்கள் பக்கம் திரும்பின. அம்மா முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"நூறு" என்றார் குரோம்பேட்டையில் வீடு கட்டித் தரும் கான்ட்ராக்டர். யாரும் போட்டிக்கு வராததைப் பார்த்து, "நம்ம பொண்ணுதானே, நூத்தம்பதா வச்சுக்குங்க" என்று தானே ஏற்றினார்.

"இருநூறு" என்றது ஒரு குரல். அப்பாவின் குரல்.

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் எழுந்து நின்றிருந்தார். கான்ட்ராக்டர் இதை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டார். "அட, சார் வராரே! இருநூத்தம்பது!" அப்பா முந்நூறு. அவர் முந்நூற்றைம்பது. அப்பா கையைத் தூக்கி, "நானூறு" என்றார். கான்ட்ராக்டர் சிரித்துக்கொண்டே கும்பிட்டு உட்கார்ந்தார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். பந்தலே கை தட்டியது. நான் தட்டவில்லை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவருக்குக் கை தட்டுவார்களா?

காயை சைக்கிள் கேரியரில் கட்டி அப்பா தள்ளிக்கொண்டு வந்தார். நான் பத்தடி முன்னால் நடந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டேன்: "உங்ககிட்ட நானூறு ரூபா இருக்கா?"

"பிச்சை போடற மாதிரி கேட்டான், பாத்தியா?"

"நாம மனு போட்டதே அதுக்குத்தானேப்பா?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அம்மா அரிவாள்மணையை எடுத்துப் போட்டாள். சாம்பார், கூட்டு, பொரியல் என்று அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் பரங்கிக்காய்தான். இரண்டு நாள் நான் தொடவில்லை. மூன்றாம் நாள் அம்மா தட்டை நகர்த்தி, "சாப்பிடு, நானூறு ரூபாக் கறி. பெரிய ஓட்டல்லகூடக் கெடைக்காது" என்றாள். கோபம் இருந்தும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவும் தட்டைப் பார்த்தபடி சிரித்த மாதிரி இருந்தது. ஆனாலும் ராத்திரி படுத்தால் தூக்கம் இல்லை. போர்வைக்குள்ளும் கால் ஆடியது.

அடுத்த ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு கமிட்டி கூடியது. ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்லும் ஓய்வுநாள் பள்ளி நடக்கும் அறை, சிறு பிள்ளைகள் உட்காரும் குட்டை பெஞ்சுகள். அதில் ஐந்து பெரியவர்கள் முழங்கால் மார்பில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். நான் வெளியே வராண்டாவில் முன்னும் பின்னும் நடந்தேன். பெருக்கிக்கொண்டிருந்த ஆலயப் பணியாளர், "இன்னாமா, கால்ல சக்கரம் கட்டிக்கினு கீறியா? ஒக்காரேன், கூப்டுவாங்க" என்றார். உட்கார்ந்தால்தான் இன்னும் மோசம் என்று அவருக்கு எப்படிச் சொல்வது? அப்பா உள்ளே வரமாட்டேன் என்று ஜன்னலுக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

கூப்பிட்டார்கள். மதிப்பெண் கேட்டார்கள். கமிட்டிக்குத் தலைவரான சபையின் ஆயர் பாராட்டினார். பிறகு பொருளாளர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்: "அப்பா போன வாரம் நானூறு ரூபாய்க்கு ஏலம் எடுத்திருக்காரேம்மா. அப்ப வசதி இருக்குன்னுதானே அர்த்தம்? இன்னும் ஏழு மனு இருக்கு."

ஜன்னல் வழியாக அப்பாவின் முதுகு தெரிந்தது. வசதி இருக்கிறது என்று சொன்னால் அவர் மானம் தப்பும், என் படிப்பு போகும். இல்லை என்று சொன்னால் படிப்பு தப்பும்.

"வசதி இல்ல சார்," என்றேன். "அந்த நானூறும் எங்ககிட்ட இல்ல. அப்பா ரோஷத்துல கேட்டார். மனு போட்டது வெளிய தெரியாதுன்னு சொல்லிட்டு மைக்ல சொன்னா, யாருக்கும் ரோஷம் வரும்."

செயலாளரின் முகம் சுருங்கியது. என் வாய்தான் எனக்கு எமன். பிறகு ஆயர், "பிள்ளை சொல்றது நியாயம்தான்" என்றார். செயலாளர் தலையைக் குனிந்துகொண்டு, "என் தப்புதான்" என்றார். எனக்கு உதவித்தொகை தருவது என்று ஒருமனதாக முடிவானது.

அங்கேதான் பொருளாளர் குறுக்கே வந்தார். சபைக்குப் பாக்கி வைத்திருக்கும் வீட்டுக்குச் சபை பணம் தரக்கூடாது என்று ஒரு விதி இருக்கிறதாம். அதற்கு வழியையும் அவரே கண்டுபிடித்தார். ஆயிரத்து ஐந்நூறில் ஏலப் பாக்கி நானூறைக் கழித்துக்கொண்டு ஆயிரத்து நூறு தந்துவிடலாம். வரவும் ஆச்சு, செலவும் ஆச்சு. ஐந்து பேருக்கும் ஒரே சந்தோஷம். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். சாண் ஏறினால் முழம் சறுக்குகிறதே என்று அழுகையாக வந்தது. அழவில்லை, நேரமில்லை. நவம்பர் முடியப் பத்து நாள்கூட இல்லை.

மறுநாள் கல்லூரி முடிந்ததும் குரோம்பேட்டையில் இறங்கி கான்ட்ராக்டர் வீட்டுக்குப் போனேன். "அங்கிள், நீங்க நூத்தம்பதோட நிறுத்தியிருந்தா எங்கப்பா இருநூறோட நின்னிருப்பார். எனக்கு இப்ப நானூறு குறையுது" என்றேன். அவர் வாயைத் திறந்தபடி கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். சும்மாவே தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். அவருடைய இரட்டைப் பையன்கள் கணக்கில் இரட்டையாகவே ஃபெயில் ஆகிக்கொண்டிருந்தார்கள். வருஷம் முடியும்வரை டியூஷன் எடுப்பது, நானூறு முன்பணம் என்று பேச்சு முடிந்தது. கடைசித் தேதிக்கு முன்னால் கட்டணம் கட்டினேன். வாசல் பட்டியலில் இருந்த என் பெயரைக் கிளார்க் அண்ணா என் கண் முன்னாலேயே அடித்தார்.

டிசம்பரில் ஒரு ஞாயிறு, ஆராதனையில் அறிவிப்பு வாசித்தார்கள். முதலில் கல்வி நிதிக்குக் கொடுத்தவர்கள். அப்பாவின் பேர், நானூறு ரூபாய். அடுத்து, கமிட்டி ரூமைத் தாண்டாது என்ற அந்தப் பட்டியல், கல்வி நிதியில் பெறுகிறவர்கள். என் பேர். இரண்டுக்கும் நடுவில் ஒரு மூச்சு விடும் நேரம்தான். அப்பா பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். பாட்டு எதுவும் அப்போது இல்லை. வெளியே வந்தபோது கான்ட்ராக்டரின் பையன்கள் இரண்டு பேரும், "குட் மார்னிங் மிஸ்" என்று என்னிடம் ஓடி வந்தார்கள். அப்பா அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. ரயிலுக்குக் காத்து நிற்கும்போதுதான் சொன்னார்: "அன்னிக்கு ஜன்னல் திறந்துதான் இருந்துது."

"அப்ப எல்லாம் கேட்டுதா?"

"கேட்டுது. நல்லாத்தான் பேசினே."

திட்டியிருந்தால் நான் பதிலுக்குப் பேசியிருப்பேன். எனக்கு அதுதான் வரும். ரயில் போன பிறகும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன். அன்று அவர்மேல் எனக்கு ரொம்பப் பிரியமாக இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் அதே பண்டிகை, அதே பந்தல். அம்மா அந்த வருஷமும் கொடியில் இருந்து ஒரு காயைக் கொண்டுவந்திருந்தாள். வேண்டாம் என்று நானும் அப்பாவும் சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏலம் தொடங்கியதும் அப்பா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். எங்கள் காய் வந்தது. மைக்கில் அந்த வருஷம் வேறொருவர், செயலாளர் இல்லை. "இது நமக்கெல்லாம் தெரிஞ்ச பரங்கிக்காய்! போன வருஷம் நானூறு போச்சு! இந்த வருஷம் எவ்வளவு?" என்றார். பந்தலே சிரித்தது. "முப்பது" என்று யாரோ கேலியாகக் கேட்டார்கள்.

கால் ஆடத் தொடங்கியது. அந்த வருஷமும் தொடர்ந்த டியூஷனின் பணம் இருநூறு என் பையில் இருந்தது, அந்தப் பருவக் கட்டணத்துக்காகச் சேர்த்தது. எப்போது எழுந்தேன் என்று தெரியாது. என் கை பாதி உயரம் போயிருந்தது.

தொடைக்கு அடியில் இருந்த கையை எடுத்து அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். "இறக்கு" என்றார். "இன்னும் ஒண்ணரை வருஷம் இருக்கு."

பரங்கிக்காய் முப்பது ரூபாய்க்குப் போனது. மூன்றாம் தரம் சொல்லி முடியும்வரை அவர் என் கையை விடவில்லை.