கழுவக் கொடுத்த கால்

வலது பாதத்தின் மேல், சுண்டுவிரலை ஒட்டி, வெளிறிய படை ஒன்று இருப்பதை ஒரு தை மாதத்தில்தான் கவனித்தேன். சுனாமி வந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. சிப்காட்டில் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில் எனக்கு வேலை, குடியிருந்தது முதுநகரில். நாள் முழுக்க ஷூ போடுவதால் வந்தது என்று விட்டுவிட்டேன். ஒருநாள் கொசு ஒன்று அந்த இடத்தில் உட்கார்ந்து வயிறு சிவக்க ரத்தம் குடிப்பதைப் பார்த்தேன். கடித்தது தெரியவே இல்லை. ஊசியை எடுத்துக் குத்திப் பார்த்தேன். ரத்தம் வந்தது, வலி வரவில்லை.

அந்த நோயின் பெயரை மனதுக்குள்கூட நான் சொல்லிக்கொள்ளவில்லை. வீட்டுக்குள்ளும் சாக்ஸ் போட ஆரம்பித்தேன். இரண்டு வயது மகள் கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தால், ஏதோ வேலை இருப்பதுபோல் நகர்ந்துவிடுவேன்.

"கொழந்த அழுவுது, தூக்குங்களேன். என்னா ஆச்சு ஒங்களுக்கு?" என்றாள் மனைவி.

"இடுப்பு வலி" என்றேன்.

கோயிலில் எனக்கு நல்ல பெயர். ஞாயிறு பூசையில் வாசகம் வாசிப்பேன். தெருக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில் சின்னதாகப் பிரசங்கமும் செய்வேன். அந்தத் தவக்காலத்தில் தாழ்ச்சியைப் பற்றிப் பேசினேன். ஆண்டவரே குனிந்து சீடர்களின் காலைக் கழுவினார், நாமும் குனிய வேண்டும் என்று உருகினேன். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என் கால்கள் சாக்ஸோடு வேட்டிக்குள் ஒளிந்திருந்தன.

பெரிய வியாழன் மாலைப் பூசையில் பங்குச் சாமியார் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுவார். அன்று ஒருவர் வரவில்லை. கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் என் தோளைத் தொட்டு, "சார், ஒரு ஆளு கொறையுது. நீங்க உக்காருங்க" என்றார்.

"வேற யாரையாச்சும் கூப்டுங்களேன்."

"இப்பப் போயி யாரத் தேடுறது? ஃபாதரே ஒங்களத்தான் சொன்னாரு."

மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். வலது காலைத்தான் நீட்ட வேண்டும். சாக்ஸை மெதுவாகக் கழற்றினேன். மயக்கம் வந்ததுபோல் விழுந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். சீடர்களில் மூத்தவர் தன் காலைத் தரமாட்டேன் என்று முதலில் மறுத்தாரே, அதைப் பணிவு என்றுதான் பலமுறை விளக்கியிருக்கிறேன். அன்று எனக்கு அது பயமாகத் தெரிந்தது.

சாமியாருக்கு அறுபது வயதுக்கு மேல். ஒவ்வொருவர் முன்பும் முழங்காலிட்டு, தரையில் கையூன்றி எழுந்து வந்தார். என்னிடம் வருவதற்குள் தண்ணீர் தீர்ந்துவிட்டது. உபதேசியார் ஓடிப்போய்ச் சாமியார் வீட்டு அடுப்பிலிருந்த வெந்நீரை எடுத்துவந்து, அவசரத்தில் விளாவாமல் அந்தப் படையின் மேலேயே கொஞ்சம் ஊற்றிவிட்டார். சாமியார் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். என் கால் அசையவில்லை.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "சுடலையா?" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"இல்ல ஃபாதர்."

படையைப் பார்த்தார். துண்டால் ஒற்றினார். மற்ற பதினொரு பேருக்கும் செய்ததுபோலவே குனிந்து பாதத்தில் முத்தமிட்டார். எனக்குக் கண்ணீர் வரவில்லை. காலைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட வேண்டும் போலிருந்தது. குனிகிறவரின் தாழ்ச்சியைப் பற்றி அவ்வளவு பேசியவன், காலைக் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் தவித்தேன்.

பூசை முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வீட்ல சொன்னீங்களா?"

தலையை ஆட்டி இல்லை என்றேன்.

"மொதல்ல அதச் செய்ங்க. அப்பறம் டாக்டர்கிட்ட போங்க."

சொன்னேன். மனைவி சட்டென்று மகளை இழுத்துத் தன்னோடு அணைத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. மகளைத் தூங்கவைத்துவிட்டு வந்து, "இத்தன நாளா ஒத்தையிலயா பயந்துகினு கெடந்தீங்க?" என்று கேட்டாள்.

முதுநகரில் யாராவது பார்த்துவிடுவார்களென்று சிதம்பரத்தில் ஒரு தோல் டாக்டரிடம் போனோம். பஸ்ஸில் நான் தள்ளித் தனியாக உட்கார்ந்தேன். டாக்டர் பஞ்சால் தொட்டுப் பார்த்துவிட்டு, சளி, காய்ச்சல் என்பதுபோல, "தொழுநோய்தான், ஆரம்பம். ஆறு மாசம் மாத்திர போட்டா சரியாயிடும்" என்றார். மனைவியையும் மகளையும் பரிசோதித்தார். அவர்களுக்கு ஒன்றுமில்லை.

"கொழந்தய இவுரு தூக்கலாமா?" என்றாள் மனைவி.

"தாராளமா."

முதல் மாத்திரை போட்ட அன்று சிறுநீர் சிவப்பாகப் போனது. அப்படித்தான் போகும் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். ஆனாலும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஐப்பசியில் மாத்திரை முடிந்தது. அடுத்த அன்பியக் கூட்டத்தில் நான் பிரசங்கம் செய்யவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். யாரும் கண்ணைத் துடைக்கவில்லை. அதன்பின் இரண்டு வீடுகளில் எனக்கு மட்டும் பேப்பர் கப்பில் டீ வந்தது. வாங்கிக் குடித்தேன். அந்தப் பயம் எனக்குத் தெரியாததா?

சில வாரம் கழித்து, துறைமுகத்தில் வலை தைக்கும் ஒருவர் வாசலில் வந்து நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. சட்டைக் கையை மடித்து முழங்கையைக் காட்டினார்.

"இங்க தொட்டா எனக்கும் தெரியல சார். கூட வர்றீங்களா?"

உடனே கிளம்பினேன். சிதம்பரம் பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் ஆறுதலாக எதுவும் எடுத்துச் சொல்லவில்லை. அவருக்காகப் பயந்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.