வெந்நீர் வாங்கப் போன நேரம்

அமலி சிஸ்டர் காலமாகிவிட்டார் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தபோது நான் ரத்த வங்கியில் வேலையாக இருந்தேன். கையிலிருந்த ரத்தப் பையை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு மறுபடியும் வாசித்தேன். ஓய்வு பெற்று இரண்டு வருடம்கூட ஆகவில்லை. புதுக்கோட்டையில் அவரோடு பச்சிளங்குழந்தைகள் வார்டில் இருந்தவர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். அவரோடு அதிகம் சண்டை போட்டவன் நான்தான் என்பது உங்களுக்குத் தெரியும்.

ஒரு சண்டையை மட்டும் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். பிறந்து ஒரு நாள்கூட ஆகாத பெண் குழந்தை. நீல விளக்கின் கீழ் வைத்தும் மஞ்சள் காமாலை ஏறிக்கொண்டே போனது. தாயின் ரத்த வகை நெகட்டிவ், குழந்தையுடையது பாசிட்டிவ். தாயிடம் உருவான எதிர்ப்புப் பொருள் குழந்தையின் ரத்தத்தை அழித்துக்கொண்டிருந்தது. ரத்தத்தை மாற்றியாக வேண்டும். தாமதித்தால் மஞ்சள் மூளையைத் தாக்கிவிடும்.

நான் ரத்தம் தர மறுத்தேன். கேஸ் ஷீட்டில் முதல் கர்ப்பம் என்று இருந்தது. முதல் கர்ப்பத்தில் இவ்வளவு கடுமையாக இது வருவது அபூர்வம். "சாம்பிள மாத்தி எடுத்துட்டீங்க" என்று அமலி சிஸ்டரிடம் போனில் கத்தினேன். தவறான ரத்தம் ஏறினால் அந்தச் சிசு தாங்காது என்ற பயம் எனக்கு.

"சாம்பிள் சரிதான் சார். ஷீட்டுதான் தப்பா இருக்கும். அதுல இருக்கறது அந்தப் பொண்ணு மாமியாவ பக்கத்துல வச்சுக்கிட்டு சொன்னது. பத்து நிமிசம் குடுங்க" என்றார்.

நம்பாமல் நானே வார்டுக்குப் போனேன். சிஸ்டர் பிளாஸ்க்கை மாமியாரிடம் நீட்டி, "வெந்நி ஆறிப்போச்சும்மா, கேண்டீன்ல வேற வாங்கிட்டு வாங்க" என்றார். பிறகு குனிந்து குழந்தையைப் பெற்ற அந்தப் பெண்ணிடம் ஏதோ கேட்டார். அவள் வாய் திறப்பதற்குள் மாமியார் திரும்பிவிட்டார். "இது கொதிக்கவே இல்லையேம்மா!" என்று சிஸ்டர் அவரை மறுபடி அனுப்பினார். மூன்றாவது முறைக்கு என்ன காரணம் சொன்னார் என்பது மறந்துவிட்டது. அப்போதுதான் அந்தப் பெண் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னாள்.

முன்பே ஒரு கரு மூன்றாம் மாதத்தில் அம்மா வீட்டில் கலைந்திருக்கிறது. மாமியார் குறை சொல்வார் என்று ஆஸ்பத்திரிக்கே போகாமல் மறைத்துவிட்டார்கள். எதிர்ப்புப் பொருள் உருவாகாமல் தடுக்க அப்போதே போட வேண்டிய ஊசியும் போடாமல் போயிற்று.

சிஸ்டர் புது சாம்பிளும் எடுத்துக்கொடுத்தார். பழைய முடிவேதான் வந்தது. ரத்தம் கொடுத்தேன், குழந்தை பிழைத்தது. "அடுத்தது உண்டானா, நாள் தள்ளுன ஒடனே இங்கிட்டு வந்துரு" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லி அனுப்பினார். கரு கலைந்த விஷயத்தை டாக்டரையும் என்னையும் தவிர வேறு யாருக்கும் அவர் சொல்லவில்லை.

திருவரங்குளத்தில் அவர் வீட்டுக்கு அஞ்சலி செலுத்தப் போனபோது அந்த மாமியாரும் வந்திருந்தார். பேத்தி பள்ளிக்கூடம் போகிறாளாம். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அன்னிக்கு வெந்நி சூடாத்தான் சார் இருந்துச்சு. என்னைய வெளிய அனுப்பத்தான் சிஸ்டரம்மா பாக்குறாங்கன்னு வெளங்கிருச்சு. மூணாவது தடவ நான் கேண்டீனுக்கே போகல. அவ பேசி முடிக்கட்டும்னு வாசல்லயே நின்னுட்டு மெதுவா வந்தேன்."

"மருமகளுக்குத் தெரியுமா?"

"அவளுக்கு எதுக்கு சார்? சங்கடப்படுவா."

இதை உடனே அமலி சிஸ்டரிடம் சொல்ல வேண்டும் என்று திரும்பினேன். அவர் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தார். அதுவரை வராத அழுகை அப்போது வந்தது.

சாம்பிளும் ஷீட்டும் ஒத்துப்போகாவிட்டால் இப்போதெல்லாம் நான் போனில் கத்துவதில்லை. "அங்க பிளாஸ்க் இருக்கா சிஸ்டர்?" என்று கேட்கிறேன்.